சாமர்த்தியமாய்ச் சிக்கிய ஜீப்

அத்தியாயம் 6

பூந்தாங்கல் ஏரியில் தண்ணீர் இருந்தவரை அதைப் பார்க்க யாரும் வந்ததில்லை. தண்ணீர் போனபிறகு சுற்றுவட்டார ஜனம் முழுக்கக் கரைமேல் நின்றது. ஒருவர் சைக்கிளில் சுண்டல் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கு இப்பதான் மேடம் மவுசு," என்றான் வல்லரசு. "உயிரோட இருந்தப்ப ஒரு டீ வாங்கித் தராதவன், செத்தபிறகு போஸ்டர் அடிக்கிற மாதிரி."

அருணாதேவி செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள்.

திருவண்ணாமலை தேரடி வீதியில், ஒரு வளையல் கடைக்கு மேலே இருக்கிறது அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது என்பது அவள் அங்கே கற்றுக்கொண்டது. வல்லரசு அவளுடைய உதவியாளன். பெயரில் இருந்த கனம் உடம்பில் இல்லை. பலமாகக் காற்றடித்தால் கிரிவலப் பாதையைத் தானாகவே ஒரு சுற்று வந்துவிடுவான். அன்று காலையில் அவன் ஏற்கெனவே ஒருமுறை ஏரியோரத் தண்ணீர்ப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தான். அருணாதேவியின் தோள் இடித்ததுதான் காரணம். அவள் மன்னிப்புக் கேட்காதது அவனுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். ஏரியில் உபரித் தண்ணீர் வழிந்து போவதற்காக ஒரு பழைய கல்சுவர் உண்டு. கலங்கல் என்பார்கள். போன வெள்ளிக்கிழமை விடிந்தபோது அந்தச் சுவரின் ஓரம் பெயர்ந்து கிடந்தது. யாரோ இரும்புக் கயிறு மாட்டி இழுத்திருக்கிறார்கள். நாலைந்து கல் விழுந்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டது. அன்று மத்தியானத்துக்குள் ஏரி காலி. கீழே கதிர் பிடித்திருந்த நெல்லும், பிடுங்க வேண்டிய வேர்க்கடலையும் முதலில் தண்ணீரில் மூழ்கின. இனிமேல் தண்ணீர் இல்லாமல் காயப்போகின்றன.

கயிறு மாட்டிய வண்டியைத் தேடி யாரும் அலையவில்லை. அது ஏரிக்குள்ளேயே, தண்ணீர் நிறைந்தபோதும் மூழ்காத ஓரத்துச் சேற்றில் நின்றது. சிவப்பு நிற ஜீப், பின்சக்கரங்கள் பாதிவரை சேற்றில் புதைந்திருக்க, வாலில் இரும்புக் கயிறு தொங்க. ஏரியை ஒட்டி மனைப்பிரிவு போட்டிருக்கும் விமல்ராஜுடைய ஜீப் அது. "என் வாட்ச்மேன் இளவரசன் சாவியைத் திருடி வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்" என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே விமல்ராஜ் புகார் கொடுத்துவிட்டார். இளவரசன் அன்றிலிருந்து ஸ்டேஷனில் இருந்தான்.

"எளவரசன் செய்ய மாட்டாம்மா," என்றார் கூடவே இறங்கி வந்த ஜினசேனன். ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர். பரம்பரையாக அந்த ஊரில் உழுது பிழைக்கும் ஜைனக் குடும்பம். அருணாதேவியை வரவழைத்தது அவர்தான். "மீன் ஏலம் அவனுக்குக் கெடைக்கலைன்னு டீக்கடையில நின்னுகினு என்னைத் திட்டினான். ஏரியே இல்லாம பண்ணிடறேன்னு கத்தினதும் நெசம்தான். போலீசுக்கு அது போதும்னு ஆயிட்டுது."

"உங்களைத் திட்டினவனுக்காக நீங்க எதுக்குங்கய்யா அலையறீங்க?" என்று கேட்டாள் அருணாதேவி.

"அவன் மேல எனக்குக் கோவம் இருக்குது. அதுக்காக செய்யாத காரியத்துக்கு அவன் உள்ள போவணுமா?"

வல்லரசு அவருக்கு முன்னால் போய், கால் புதையாத இடமாகப் பார்த்துக் காட்டினான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

ஜீப்பைச் சுற்றி ஊர்க்காரர்கள் மிதித்துத் துவைத்து வைத்திருந்தார்கள். ஆனால் அது வந்த வழியில், புதைந்துவிடுவோம் என்ற பயத்தில் யாரும் கால் வைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்தோடு நின்ற மழையும் திரும்ப வரவில்லை. மனைப்பிரிவிலிருந்து கலங்கலுக்குப் போய், கலங்கலிலிருந்து இந்த இடம்வரை திரும்பி வந்த டயர் தடம் அப்படியே காய்ந்து கிடந்தது.

அருணாதேவி குனிந்தாள். டயரில் புடைத்திருக்கும் பட்டன் ஒவ்வொன்றும் அதிரசம் அளவுக்குப் பதிந்திருந்தது. இரண்டு பட்டன்களுக்கு நடுவே சேறு அடைந்துகொள்ளாமல் உதறிவிட அகலமான இடைவெளி.

"இந்த டயர் நம்ம ஊர்ல வேற யார்கிட்ட இருக்குது?"

"யார்கிட்டயும் கெடையாது மேடம். இதை மாட்டின அன்னிக்கு அவரு தேங்காய் உடைச்சு வீடியோ போட்டாரு. நானே பாத்தேன்."

"தடத்துல கையை வை."

வல்லரசு ஜாணை விரித்து வைத்தான். "ஜாணுக்கு மேல ரெண்டு விரல் ஜாஸ்தி. ஓரத்து பட்டன்கூட பதிஞ்சிருக்குது. ஆனா ஆழமே இல்ல மேடம், கோலம் போட்ட மாதிரி மேலாப்புல போவுது."

"இப்ப வண்டில இருக்கிற டயரை அள."

அவன் அளந்தான். கையைப் பார்த்தான். மறுபடி அளந்தான். "ஜாணுக்குள்ளயே அடங்குது. தட்டினா கல்லு மாதிரி இருக்குது. சேத்துல நின்னா டயர் இளைக்குமா மேடம்? அப்படின்னா எங்க சித்தப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்."

அருணாதேவி நான்கு சக்கரங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். முன்சக்கரங்கள் சும்மா நின்றன. பின்சக்கரங்கள் மட்டும் கிணறு வெட்டியிருந்தன.

"வேடிக்கையான வண்டி," என்றாள். "கெட்டிக்காரத்தனமா போயிருக்குது. முட்டாள்தனமா சிக்கியிருக்குது."

கரையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் அருணகிரி இறங்கினார். தீபத் திருவிழா பந்தோபஸ்து வேலை கழுத்துவரை இருக்க, இந்த வழக்கை இன்றைக்கே முடித்துவிட அவசரப்பட்டார். கூடவே விமல்ராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. சேற்றில் ஜீப் ஓட்டும் வீடியோக்களில் அவருக்கு 'சேத்து ராஜா' என்று பெயர். மூன்று போட்டிகளில் கோப்பை வாங்கியவர். அவரைப் பின்தொடரும் பல்லாயிரம் பேரில் சப்-இன்ஸ்பெக்டரும் ஒருவர்.

"பாத்தீங்களா மேடம் என் வண்டிய," என்றார் விமல்ராஜ். குரலில் நிஜமாகவே வலி இருந்தது. "ஓட்டத் தெரியாத பய கையில சிக்கி இந்தக் கதி. ஃபோர் வீல் போடாம ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கான். பின்சக்கரம் மட்டும் சுத்தி, தானே குழி தோண்டிக்கிச்சு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க," என்றாள் அருணாதேவி பவ்யமாக. "நீங்களா இருந்தா இந்தச் சேத்துல எப்படிப் போவீங்க?"

கேட்டதுதான் தாமதம். கறுப்புக் கண்ணாடி கழன்றது.

"மொதல்ல காத்தைப் பாதியா எறக்கிடணும் மேடம். டயர் அமுங்கி அகலமாகும். வண்டியோட கனம் பரவும், புதையாது. ரோட்ல ஓட்ற காத்தோட எறங்கினா கத்தி மாதிரி சேத்தை வெட்டிகினு உள்ள போயிடும். அப்புறம் ஃபோர் வீல். செகண்ட் கியர். நடுவுல கியர் மாத்தக் கூடாது, நிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. காலு ஒரே மாதிரி இருக்கணும். எடம் பாத்துப் போவணும், கோரை மொளைச்ச எடம் கெட்டியா இருக்கும். வழுக்குதுன்னு தெரிஞ்சா மிதிக்கக் கூடாது, காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டணும். ஓரத்து பட்டன் போய் கெட்டி மண்ணைக் கவ்வும்." மூச்சு வாங்கினார். "கலங்கல் வரைக்கும் போயிட்டுத் திரும்ப, இந்த ஜில்லாவுலயே என்னை விட்டா ஆள் கெடையாது."

"அதான் மேடம் இவரு," என்றார் அருணகிரி பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அருணாதேவி. "ஏன்னா, நீங்க சொன்னது அத்தனையும் இந்தத் தடத்துல இருக்குது. போகும்போதும் திரும்பும்போதும் கோரை மேலயே போயிருக்குது. எங்கயும் நிக்கல. தடம் அகலமா, ஆழம் இல்லாம பதிஞ்சிருக்குது, அதாவது காத்து கம்மி. நாலு சக்கரமும் இழுத்திருக்குது. ஆனா இப்ப டயர்ல காத்து முழுசா இருக்குது. இந்தச் சேத்துக்கு நடுவுல காத்தடிச்சது யாருங்க?"

அருணாதேவி ஒரு சக்கரத்தின் பக்கம் குனிந்து விரலால் காட்டினாள்.

"சக்கரம் முழுக்கச் சேறு. காத்தடிக்கிற வால்வை மட்டும் நாலுலயும் யாரோ தொடைச்சிருக்காங்க."

"உடம்பெல்லாம் அழுக்கு, மூக்கு மட்டும் சுத்தம்," என்றான் வல்லரசு.

"ஓட்டத் தெரியாதவன் மனைப்பிரிவைத் தாண்டினதுமே சிக்கியிருப்பான். இவன் கலங்கல் வரைக்கும் போயி, சுவத்தை இழுத்துட்டு, முக்கால் வழி திரும்பி வந்திருக்கான். அப்புறம் வண்டிய நிறுத்தி, குட்டி மோட்டாரை மாட்டி, நாலு டயருக்கும் காத்தடிச்சு, ஃபோர் வீலை எடுத்துட்டு, வேணும்னே மிதிச்சுப் புதைச்சிருக்கான். இந்த டயர் ஊருக்கே தெரியும். தடத்தை மறைக்க முடியாது. ஓட்டினது யாருங்கறதைத்தானே மறைக்க முடியும்? ஓட்டத் தெரியாதவன் ஓட்டின மாதிரி விட்டுட்டு நடந்து போயிட்டான்." சற்று நிறுத்தினாள். "அப்படி ஓட்டத் தெரிஞ்சவரு இந்த ஜில்லாவுலயே ஒருத்தர்தான்னு இப்ப நீங்களே சொன்னீங்க."

காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மழை வந்ததும் விமல்ராஜின் மனைகளில் பாதி ஏரிக்குள் போய்விட்டன. மனை பார்க்க வந்தவர்கள் மூலைக்கல்லின்மேல் கொக்கு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

அருணகிரி மெதுவாகத் திரும்பி விமல்ராஜைப் பார்த்தார். அபிமானி பார்க்கும் பார்வையாக அது இல்லை.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. விமல்ராஜ் அழுதார்.

"சார், நான் ஓட்டல சார். எனக்கு ஓட்டவே தெரியாது." வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "போட்டியில ஹெல்மெட்டுக்குள்ள இருந்தது நான் கெடையாது. பெங்களூர்லேர்ந்து ஒரு ஆளைக் கூட்டியாந்து ஓட்ட வெப்பேன். முடிஞ்சதும் நான் ஹெல்மெட்டை மாட்டிகினு எறங்குவேன். இப்ப சொன்னதெல்லாம் வீடியோவுக்காக மனப்பாடம் பண்ணது. சத்தியமா சார், வண்டில கியருக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கம்பி இருக்குதே, அது எதுக்குன்னே எனக்குத் தெரியாது. அந்தாளுகிட்ட ஒரு சாவி இருக்குது. அவன்தான் செஞ்சிருப்பான்."

கரையில் நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. விமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கோப்பை, பட்டம், பல்லாயிரம் ரசிகர்கள், எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. எந்த மனிதனும் பொய்க்காக இவ்வளவு விலை கொடுக்கமாட்டான் என்று அருணகிரிக்குத் தோன்றியது. ஜினசேனனுக்கும் தோன்றியது.

"பாவம்மா," என்றார் அவர் மெதுவாக.

வல்லரசு அருணாதேவியின் காதருகே வந்தான். "மேடம், சேத்து ராஜா வெறும் சேறுதானா?"

அருணாதேவி புடவை ஓரத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள். அவள் தோற்றுப்போனதாகவே தெரிந்தது. "அப்ப ஒரே ஒரு உதவி," என்றாள். "வண்டிய டிராக்டர் விட்டு வெளிய இழுத்துடலாம். கலங்கல்கிட்டேர்ந்து கரை வரைக்கும் மட்டும் நீங்க ஓட்டிட்டு வாங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்கறதை சார் கண்ணால பாத்துட்டா, உங்க பேர்ல இருக்கிற சந்தேகம் போயிடும்."

விமல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க மேடம்," என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார்.

ஜினசேனனின் டிராக்டர் ஜீப்பைப் பிடுங்கி, கலங்கலையொட்டிய பாறைமேல் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து கரைக்குப் போகும் வழி குறுகலாகச் சரிந்து கிடந்தது. சரிவின் ஒரு பக்கம், தண்ணீர் பாய்ந்த வேகத்தில் அறுத்துப்போட்ட பள்ளம். அதில் இன்னும் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

விமல்ராஜ் ஏறினார். பெல்ட்டைத் தேடினார், ஹாரனை அடித்தார், வைப்பரைப் போட்டார். பிறகு முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். ஜீப் பாறையைவிட்டுச் சேற்றுச் சரிவில் பாய்ந்து நிற்க, பின்சக்கரங்கள் வெறிபிடித்தது போலச் சுற்றின. பறந்த சேற்றில் பெரும்பகுதியை அருணகிரியின் சட்டை வாங்கிக்கொண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும் மேடம், இவருக்குத் தெரியாது," என்றார் அருணகிரி கண்ணில் இருந்த சேற்றை வழித்தபடி.

விமல்ராஜ் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார். தெரியாதவன் என்று நிரூபிக்கும் ஆர்வத்தில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. சரிவில் சுற்றும் சக்கரம் புதைவதற்கு முன்னால் வழுக்கும். ஜீப்பின் வால் மெல்லத் திரும்பி, பள்ளத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

சிரிப்பு நின்றது. ஜினசேனன் துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். "கயிறு போடுங்கடா, வண்டி உள்ள போவுது, கயிறு போடுங்க."

விளிம்பு மண் உடைந்து தண்ணீரில் விழுந்தது. ஜீப்பின் கண்ணாடி வழியே விமல்ராஜின் முகம் தெரிந்தது. கீழே கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து நடிப்பு கழன்று விழுந்தது.

முதலில் என்ஜின் சத்தம் அடங்கியது. கால் எடுத்துவிட்டார். இடதுகை, கண் பார்க்காமலே, கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டிக் கம்பிக்குப் போனது. ஒரு தட்டு. நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. ஸ்டியரிங் இடதும் வலதுமாகச் சின்னச் சின்னதாக ஆடியது. முன்டயரின் ஓரத்துப் பட்டன்கள் சேற்றுக்கு அடியில் இருந்த கெட்டி மண்ணைத் தேடி, கண்டுபிடித்து, கவ்வின. டயரில் காற்று முழுசாக இருந்தது. அதனால் வேலை இன்னும் கடினம். ஜீப் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு அங்குலம் அங்குலமாக ஏறியது. பின்சக்கரம் விட்டு வந்த இடம் இடிந்து விழ, வேகம் கூடாமல், குறையாமல், சரிவைத் தாண்டி, கரைமேல் வந்து அமைதியாக நின்றது.

யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டியவர் சப்-இன்ஸ்பெக்டர் அருணகிரி. அவர் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார்.

விமல்ராஜ் கதவைத் திறந்து குதித்தார். முகம் ஜொலித்தது. நேராக, கையில் போன் வைத்திருந்த வல்லரசிடம் வந்தார்.

"எடுத்தியாப்பா?"

"முழுசா எடுத்தேங்க. அந்தக் குட்டிக் கம்பி ரொம்பத் தெளிவா விழுந்திருக்குது."

அதற்குப் பிறகுதான் விமல்ராஜுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தை மாசம் வரைக்கும் தண்ணி நின்னா ஒரு மனை போகாது," என்றார் யாரையும் பார்க்காமல். "கொஞ்சம் வடிஞ்சா போதும்னுதான் நெனைச்சேன். ரெண்டு கல்லுதான் இழுத்தேன். இப்படி மொத்தமா போவும்னு நெனைக்கல."

"கொஞ்சமா உடையறதுக்கு இது தேங்காயா?" என்றார் ஜினசேனன். அவருடைய கையில் இன்னும் கயிறு இருந்தது. அதைப் போட்டுவிட்டு, காலியான ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அருணகிரி அருணாதேவியிடம் வந்தார். "அந்தாளு பள்ளத்துல விழுந்திருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க?"

"இடுப்பளவு தண்ணிதான் சார். காலையிலயே ஆள் விட்டுப் பாத்தாச்சு."

வல்லரசின் வாய் திறந்தது. "அதுக்குத்தான் தள்ளினீங்களா? தெரியாம இடிச்சுட்டீங்கன்னுல்ல நெனைச்சுகினு இருந்தேன் மேடம்."

"உன்னைவிட லேசான ஆள் கெடைக்கல," என்றாள் அவள்.

கைதியை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் கிளம்பியது. கரையிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கும் மண்சாலையில் வெள்ளம் விட்டுப்போன சேறு கிடந்தது. போலீஸ் ஜீப்பின் டயர்கள் மொட்டை. வண்டி பாதி வழியில் உறுமியது, ஆடியது, நின்றது. ஓட்டிய கான்ஸ்டபிள் இன்னும் பலமாக மிதித்தார்.

"மிதிக்காதீங்க," என்றார் பின்னாலிருந்து விமல்ராஜ், தாங்கமுடியாமல். "ஐயோ, மிதிக்காதீங்க சார். குழி தோண்டறீங்க."

கான்ஸ்டபிள் மறுபடி மிதித்தார். மறுபடி குழி. விமல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அருணகிரி அவரைப் பார்த்தார். தார் ரோட்டைப் பார்த்தார். தீபத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று யோசித்தார். பிறகு சாவியை வாங்கிப் பின்னால் நீட்டினார்.

கான்ஸ்டபிள் நான்கு டயரிலும் காற்றிறக்கினார், எவ்வளவு என்று விமல்ராஜ் காது கொடுத்துக் கேட்டுச் சொன்னார். செகண்ட் கியரில் வண்டி வெண்ணெய் போல நகர்ந்து ரோட்டேறியது. அதற்குப் பிறகு யாருக்கும் இடம் மாறி உட்காரத் தோன்றவில்லை.

அருணாதேவியும் வல்லரசும் ஜினசேனனோடு பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது, ஸ்டேஷன் வாசலில் இளவரசன் நின்றிருந்தான். போனில் உத்தரவு வந்து அப்போதுதான் வெளியே விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தாடி முளைத்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

முன்னால் வந்த, சேறு அப்பிய போலீஸ் ஜீப் அவன் எதிரில் நின்றது. ஓட்டுகிற இடத்திலிருந்து விமல்ராஜ் இறங்கினார்.

இளவரசனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று, அல்லது புரிந்ததாக நினைத்தான். அவன் கண் நிறைந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"எனக்கு நல்லாத் தெரியும் மொதலாளி, நீங்க விட்டுட மாட்டீங்கன்னு. என்னை வெளிய எடுக்க நீங்களே வந்துட்டீங்க."

விமல்ராஜ் அவனைப் பார்க்கவில்லை. படியேறி உள்ளே போனார். கும்பிட்ட கையை இறக்காமல் இளவரசன் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

 ஜினசேனன்தான் பக்கத்தில் போய், தன்னைத் திட்டிய அந்த மனிதனின் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"வாப்பா, போவலாம்," என்றார். "வழியில சொல்றேன்."